வைரம் தேயாது, தகடு தேயும்

சாணைக்கல் வாங்கப் போகிறவரிடம் இன்று முதலில் நீட்டப்படுவது வைரக்கல்தான். "உலகத்திலேயே கடினமான பொருள்", "தேயவே தேயாது", "ஆயிரம் கிரிட், எட்டாயிரம் கிரிட்" என்று மூன்று வாக்கியங்களில் வியாபாரம் முடிந்துவிடும். வாங்கியவர் பெட்டியைப் பிரித்த அன்றே கத்தியைத் தீட்டி, ஒரு தாளை அறுத்துப் பார்த்து, "அடேயப்பா!" என்று வியந்துவிடுகிறார். மதிப்புரையும் அந்த அடேயப்பாவோடு முடிந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து அந்தக் கல் எப்படி இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

அந்த மூன்று வாக்கியங்களை ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை. வைரக்கல் மோசம் என்று சொல்ல வரவில்லை. என் மேசையில் மூன்று இருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு மேலாக அடுக்களைக் கத்திகளுக்கும் உளிகளுக்கும் அவற்றைப் பயன்படுத்தி, அவ்வப்போது குறித்தும் வைத்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தக் காரணத்துக்காக வைரக்கல்லைப் புகழ்கிறார்களோ, அது நம்மில் பலருக்குத் தேவைப்படாத காரணம். அதன் உண்மையான பலம் வேறொன்று. அது தெரியாமல் வாங்கினால் காசும் போகும், கத்தியும் தேயும்.

அது கல்லே இல்லை

கையில் எடுத்துப் பார்த்தால் அது ஓர் எஃகுத் தகடு. அதன் முகத்தில் வைரப் பொடியைப் பரப்பி, மின்முலாம் முறையில் நிக்கல் ஏற்றியிருக்கிறார்கள். அந்த நிக்கல்தான் பொடியைக் கவ்விப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு துகளும் பெருமளவு நிக்கலுக்குள் புதைந்திருக்கும், மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இருப்பது ஒரே அடுக்கு. அதற்குக் கீழே வெறும் எஃகு.

வைரம் என்றதும் நகைக்கடை ஞாபகம் வர வேண்டாம். இது ஆலையில் செய்த வைரம். 1955-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் செயற்கை வைரம் செய்துவிட்டதாக அறிவித்தது. அதன்பிறகு வைரப் பொடி தொழிற்சாலைச் சரக்காகிவிட்டது. கைச்சாணைக்கான தகடுகள் 1970-களில் பரவலாயின. இன்று எல்லோரும் அளவுகோல் போலக் காட்டும் டிஎம்டி நிறுவனம் 1976-ல் தொடங்கியது.

இதை நம் கடைகளில் கிடைக்கும் சாதாரணச் சாம்பல் நிறக் கல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது சிலிக்கான் கார்பைடு துகள்களைப் பிணைப்புப் பொருளோடு கலந்து சுட்டது. மேலிருந்து அடிவரை துகள்தான். மேல் அடுக்கு மழுங்கினால் உதிர்ந்துபோகும், அடியிலிருந்து புதுத் துகள் முகம் காட்டும். கல் குழியும், ஆனால் அறுக்கும் திறன் போகாது. வைரத் தகட்டில் நேர்மாறு. முகம் மட்டமாகவே இருக்கும், ஆனால் புதுத் துகள் வர வழியே இல்லை. முதல் அடுக்குதான் கடைசி அடுக்கு.

பிசினாலோ கண்ணாடி போன்ற பிணைப்பாலோ வைரத்தைக் கெட்டியான அடுக்காகச் சேர்த்துச் செய்த கற்களும் உண்டு. அவை மற்றக் கற்களைப் போலத் தேய்ந்து புதுப்பித்துக்கொள்ளும். விலை அதிகம், நம் கடைகளில் அரிது. நான் பேசுவது எங்கும் கிடைக்கிற நிக்கல் முலாம் தகட்டைப் பற்றி. வைரக்கல் என்ற பெயரில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் அதுதான்.

கடினம் யாருக்குத் தேவை?

முதல் வாக்கியம், "உலகத்திலேயே கடினமான பொருள்". இது உண்மை. கேள்வி, அந்தக் கடினம் நம் கத்திக்கு எதற்கு என்பதுதான்.

கடினத்தை அளக்க நூப் என்று ஓர் அளவு உண்டு. அதில் கடினப்படுத்திய எஃகு ஏறத்தாழ 700, 800. அலுமினியம் ஆக்சைடு 2100 பக்கம். சிலிக்கான் கார்பைடு 2500 பக்கம். வைரம் 7000-க்கு மேல். ஆக, எஃகை அறுக்க சாதாரணக் கல்லே மூன்று மடங்கு கடினம். மரத்தை அறுக்கும் ரம்பம் மரத்தைவிடக் கடினமாக இருந்தால் போதும், முப்பது மடங்கு கடினமாக இருந்தால்தான் அறுக்கும் என்பதில்லை. இதுவும் அப்படித்தான்.

அப்படியானால் வைரம் வெறும் பகட்டா? இல்லை. எஃகுக்குள் கார்பைடு என்று கடினமான நுண்மணிகள் இருக்கின்றன. சாதாரணத் துருப்பிடிக்காத எஃகில் இருப்பவை பெரும்பாலும் குரோமியம் கார்பைடுகள். அவற்றைச் சாதாரணக் கல்லே அறுக்கும். வனேடியம் அதிகம் சேர்த்த எஃகுகளில் கதை வேறு. வனேடியம் கார்பைடின் கடினம் 2600-க்கும் மேல். அலுமினியம் ஆக்சைடு அதன்முன் தோற்கும், சிலிக்கான் கார்பைடு மல்லுக்கட்டும். எஸ்30வி என்ற கத்தி எஃகில் வனேடியம் 4 சதவீதம், எஸ்90வியில் 9 சதவீதம். இவற்றைச் சாதாரணக் கல்லில் தீட்டினால் மணிகளைச் சுற்றியுள்ள எஃகுதான் தேயும், மணிகள் அப்படியே நிற்கும். வேலை நடக்கும், ஆனால் மெதுவாக, சொரசொரப்பாக. வைரத்துக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. எல்லாவற்றையும் ஒரேபோல அறுத்துக்கொண்டு போகும். பீங்கான் கத்தி, கார்பைடு முனை வைத்த கருவிகள் போன்றவற்றுக்கு வைரத்தை விட்டால் கையில் வேறு நல்ல வழி இல்லை.

இப்போது உங்கள் அடுக்களைக்குப் போய்ப் பாருங்கள். காய் நறுக்கும் கத்தி மெல்லிய ஸ்டெயின்லெஸ் எஃகு. ராக்வெல் அளவில் ஐம்பதுகளில்தான் இருக்கும். அரிவாள்மனையின் இரும்பு பல வீடுகளில் அதைவிட மெத்து. இவற்றில் வனேடியம் கார்பைடு என்ற பேச்சுக்கே இடமில்லை. இவற்றை நம் பாட்டிமார் அம்மி ஓரத்தில் தீட்டியே காலம் தள்ளியிருக்கிறார்கள். இவற்றுக்கு வைரத்தின் கடினம் தேவை என்று சொல்வது, தெருமுனைக் கடைக்குப் போக ரேஸ் பைக் வாங்கச் சொல்வது மாதிரி.

சாதாரணக் கல்லைத் தாழ்வாக நினைக்க ஒரு நியாயமும் இல்லை. அலுமினியம் ஆக்சைடின் இயற்கை வடிவத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள கொரண்டம் என்ற பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான் என்று ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறைகளில் குருந்தம் இருப்பது நிலவியல் படித்தவர்களுக்கு நன்கு தெரிந்த செய்தி. குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்வது இந்தியாவின் பழைய தொழில்நுட்பம். சிலிக்கான் கார்பைடை 1890-களில் எட்வர்ட் அச்சிசன் அமெரிக்காவில் செய்து 'கார்பொரண்டம்' என்று பெயர் வைத்தபோது, அந்தப் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டதும் நம் குருந்தம்தான். 1954-ல் சென்னையில் முருகப்பா குழுமம் கார்பொரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. சில பட்டறைகளில் சாணைக்கல்லுக்கு இன்னும் 'கார்பொரண்டம் கல்' என்றுதான் பெயர்.

எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

இரண்டாவது, கிரிட் எண்கள். எண் கூடினால் துகள் சிறிது என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த எண்ணை யார், எந்த முறையில் வைத்தார்கள் என்று கேட்டால்தான் குழப்பம் வெளியே வரும்.

ஓர் உதாரணம். டிஎம்டி தகடுகளில் பச்சை நிறத்துக்கு 1200 மெஷ் என்று எண். துகளின் அளவு 9 மைக்ரான் என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அதில் எட்டில் ஒரு பங்கு. ஜப்பானியத் தரமுறையில் 1200 என்றால் 9.5 மைக்ரான். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, சந்தோஷம். அதே அளவைத் தேடி ஹார்டுவேர் கடைக்குப் போய் வாட்டர் பேப்பர் கேட்டால், முதுகில் பி என்று அச்சிட்ட ஐரோப்பிய முறைத் தாளில் 1200 என்பது 15 மைக்ரானுக்குச் சற்று மேல். 9 மைக்ரானுக்கு 2000-க்கும் 2500-க்கும் நடுவே போக வேண்டும்.

மேலே போகப் போக இன்னும் மோசம். டிஎம்டியின் மிக நுண்ணிய தகட்டுக்கு 8000 மெஷ் என்று பெயர், துகள் 3 மைக்ரான். ஜப்பானிய முறையில் 3 மைக்ரான் என்பது 4000. அங்கே 8000 என்றால் 1.2 மைக்ரான். ஒரே எண்ணைப் பார்த்து இரண்டையும் சமம் என்று நினைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் விழும். பெயர் தெரியாத தகடுகளில் இதுகூடக் கிடைக்காது. '3000' என்று அச்சடித்திருப்பார்கள், எந்த முறை என்றும் இருக்காது, எத்தனை மைக்ரான் என்றும் இருக்காது. ஆகவே என் முதல் விதி எளியது: மைக்ரான் போடாத தகட்டை வாங்காதீர்கள்.

மைக்ரான் தெரிந்தாலும் அதோடு கதை முடியவில்லை. தண்ணீர்க் கல்லில் துகள்கள் கொஞ்சம் இளகலான பிணைப்பில் இருக்கும். அழுத்தினால் உருளும், உடையும், உள்ளே அமுங்கும். நிக்கலில் பதிந்த வைரம் அசையாது. நிமிர்ந்து நிற்கிற ஒரு துகள் எஃகில் முழு ஆழத்துக்குக் கோடு போட்டுவிட்டுத்தான் போகும். அதனால் ஒரே மைக்ரான் அளவுள்ள தண்ணீர்க் கல்லைவிட வைரத் தகடு ஆழமான கீறலைத்தான் விடும். '1200 வரை வந்தாச்சு, இன்னும் ஏன் கண்ணாடி மாதிரி ஆகல?' என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது.

தேயாதது எது?

மூன்றாவது வாக்கியம்தான் இருப்பதிலேயே ஆபத்தானது. 'தேயாது.'

எங்கள் ஊரில் கதவு, ஜன்னல் வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் என் தகடு ஒன்றைக் கொடுத்து ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொன்னேன். திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன்.

"எப்படிண்ணே இருந்துச்சு?"

"உளி முதுகு நல்லா மட்டமாச்சு தம்பி. சீக்கிரமாவும் அறுக்குது. ஆனா கல்லுன்னா தேயணும். தேயாத கல்லு ஒருநாள் சும்மா வழுக்க ஆரம்பிச்சிரும் பாரு."

அவர் சொன்னதில் பொறியியல் இருக்கிறது. உராய்வுப் பொருள் நீடித்து அறுக்க வேண்டுமென்றால் மழுங்கிய துகள் வெளியேறிப் புதியது வர வேண்டும். வைரத் தகட்டில் அது நடக்காது. அங்கே நடப்பது இதுதான்: புதுத் தகட்டில் சில துகள்கள் மற்றவற்றைவிட உயரமாக நிற்கும். பாரம் முழுக்க அவற்றின் மேல்தான் விழும். அதனால்தான் புதுத் தகடு தன் எண்ணைவிடக் கரடாக, வெறியோடு அறுக்கும். சில வாரங்களில் அந்த உயர்ந்த துகள்கள் உடைந்தோ பிடுங்கிக்கொண்டோ போய்விடும். பிறகு மற்றவை சமமாக வேலை செய்யத் தொடங்கும். தகடு அடங்கிவிட்டது என்கிறோமே, அது இதுதான். அதன் உண்மையான குணம் அப்போதுதான் தெரியும். அதற்கும் பிறகு, மெல்ல மெல்லத் துகள்களின் முனை மழுங்கும், சில உதிரும், நிக்கல் மினுங்கும். வைரம் தேயவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தகடு தேய்ந்துவிட்டது.

முதல் நாள் மதிப்புரையில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம். அன்றைக்கு எல்லாத் தகடும் பிரமாதம்தான். என்னிடம் இருந்த மலிவுத் தகடு ஒன்று முதல் வாரம் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக அறுத்தது. மூன்றாவது மாதம் ஒரு மூலையில் நிக்கல் தோலாக உரியத் தொடங்கியது. வேகத்தை மட்டும் அளந்திருந்தால் அதற்குத்தான் முதல் பரிசு கொடுத்திருப்பேன்.

இன்னொரு விபரீதமும் இதில் இருக்கிறது. 'தேயாது' என்று நம்புகிறவர், தகடு மெதுவானதும் என்ன செய்வார்? அழுத்துவார். சாதாரணக் கல்லில் அழுத்தினால் கல் தேயும், அவ்வளவுதான். இங்கே அழுத்தினால் துகள் நிக்கலோடு பிடுங்கிக்கொண்டு வரும். மெதுவானதால் அழுத்தம், அழுத்தியதால் இன்னும் மெது. ஒரு தகட்டின் ஆயுளைக் குறைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

தண்ணீர்க் கல்லை மட்டப்படுத்த வைரத் தகடு உகந்தது என்பார்கள். நுண்கல்லுக்குச் சரி. கரடான கல்லில் தேய்த்தால், உதிரும் பெரிய துகள்கள் குழம்பாகச் சேர்ந்து வைரத்தைச் சுற்றியுள்ள நிக்கலையே அரித்துவிடும். பிடி தளர்ந்தால் வைரமும் போச்சு. கரட்டுக் கல்லை மட்டப்படுத்த, கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய உப்புத்தாள் போதும்.

உண்மையான பலம்

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் மூன்று தகடு வைத்திருக்கிறேன்? ஒரே சொல்லில்: மட்டம்.

வைரத் தகடு குழியாது. சாதாரணக் கல்லில் ஒரு வருடம் உளி தீட்டினால் நடுவில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் உளியின் முதுகைத் தேய்த்தால் முதுகு வளையும். உளிக்கும் இழைப்புளிக்கும் கூர் என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. ஒரு முகம் சரிவு, மற்றொன்று முதுகு. முதுகு மட்டமில்லையென்றால் சரிவை எவ்வளவு தீட்டினாலும் அந்தக் கோடு நேராக வராது. மர வேலைக்காரருக்கு வைரத் தகடு தருகிற பெரிய உதவி இது. கடினம் இதற்கு ஒரு வழிதான். கடினமாக இருப்பதால் ஒரே அடுக்கு போதுமாகிறது, ஒரே அடுக்கு என்பதால் முகம் குழியாமல் நிற்கிறது.

ஆனால் இந்தப் பலம் தகடு முதலிலேயே மட்டமாக இருந்தால்தான். மெல்லிய தகரம் போன்றவற்றில் அது கிடைக்காது. கடையிலேயே சோதிக்கலாம். நல்ல ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பைத் தகட்டின் மேல் நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை நிறுத்தி, பின்னால் வெளிச்சம் வரும்படி கண் மட்டத்தில் தூக்கிப் பாருங்கள். இடையில் வெளிச்சம் கசிந்தால் வைத்துவிடுங்கள். அடுக்களைக் கத்திக்கு இந்தக் கறார் வேண்டாம். கத்தியின் விளிம்பு வளைவானது, தகடு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அது கண்டுகொள்ளாது.

இன்னும் இரண்டு சின்ன பலங்கள். ஊற வைக்க வேண்டாம், இரண்டு சொட்டுத் தண்ணீரில் வேலை தொடங்கலாம். கீழே விழுந்தாலும் உடையாது. நாலு வீடு, நாலு கட்டடம் என்று அலைகிற தொழிலாளிக்கு இந்த இரண்டும் சாதாரண விஷயமில்லை.

தீட்டும்போது

கையின் பாரம்தான் முதல் பாடம். ஒரு கணக்குப் போடுவோம். 25 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள உளியை 30 பாகைச் சரிவில் வைத்தால், சரிவின் நீளம் 6 மில்லிமீட்டர். தகட்டைத் தொடும் பரப்பு 150 சதுர மில்லிமீட்டர். ஒரு கத்தியின் தீட்டிய விளிம்பு அரை மில்லிமீட்டர் அகலம், தகட்டின் அகலம் 75 மில்லிமீட்டர் என்றால் தொடும் பரப்பு 37 சதுர மில்லிமீட்டர்தான். ஒரே பாரத்தை வைத்தாலும் கத்தியின் கீழுள்ள துகள்கள் நான்கு மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். கத்தியின் நுனிக்கு வரும்போது இன்னும் பல மடங்கு. ஆகவே உளிக்கு வைக்கும் கையைக் கத்திக்கு வைக்கக் கூடாது. கத்தியின் சொந்த எடையோடு விரலின் எடை சேர்ந்தால் போதும்.

கோணத்துக்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. 40 மில்லிமீட்டர் அகலக் கத்தியின் முதுகைத் தகட்டிலிருந்து 10 மில்லிமீட்டர் தூக்கினால் 15 பாகைக்கு மிக அருகில் வரும். சுண்டுவிரல் நுனியின் பருமன் ஏறத்தாழ அவ்வளவுதான். எலும்பு, தேங்காய் என்று முரட்டு வேலை இருந்தால் 14 மில்லிமீட்டர் தூக்குங்கள், 20 பாகை ஆகும். விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் தகடு தொடுகிறது. யார் சொல்லையும் நம்ப வேண்டாம், மையை நம்பினால் போதும்.

அடுத்தது பிசிறு. ஒரு பக்கம் தீட்டும்போது எஃகு விளிம்பைத் தாண்டி மறுபக்கம் மெல்லிய இழையாக மடங்கும். விரலைக் கத்தியின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்புக்குக் குறுக்காகத் தடவினால் தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டக் கூடாது. அடியிலிருந்து நுனிவரை பிசிறு தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முடிந்தது, திருப்புங்கள். அதற்குமேல் ஒரு இழுப்பும் வேண்டாம்.

வைரத் தகட்டின் வேகம் இங்கேதான் எதிரியாகிறது. சாதாரணக் கல்லில் நாற்பது இழுப்பில் வருவது இங்கே பத்திலேயே வந்துவிடும். பழக்க தோஷத்தில் நாற்பதும் இழுத்தால் பெரிய பிசிறு எழும். மெத்தான ஸ்டெயின்லெஸ் எஃகில் அது சுலபத்தில் விழாது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடங்கிக்கொண்டு கூடவே வரும். வேடிக்கை என்னவென்றால், நிமிர்ந்து நிற்கிற பிசிறும் தாளை அழகாக அறுக்கும். "அடேயப்பா!" வந்துவிடும். மறுநாள் தக்காளியில் வைத்தால் வழுக்கும். இரவில் கூர் போகவில்லை, பிசிறு மடங்கிவிட்டது. 'வைரக்கல்லில் தீட்டினால் கூர் நிற்காது' என்கிறார்களே, அந்தப் புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தீர்வு, கடைசி இழுப்புகளைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, பாரத்தைக் குறைத்துக்கொண்டே போவது. முடிவில் தோல். பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டி, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசை தேய்த்து, விளிம்புக்கு எதிர்த்திசையில் இழுங்கள். முடிதிருத்தும் கடையில் வாரில் சவரக்கத்தியை இழுத்தது இதற்காகத்தான். இங்கிலாந்துத் தச்சர் பால் செல்லர்ஸ் மூன்று வைரத் தகடுகளை ஒரு பலகையில் பதித்து, ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தெளித்துத் தீட்டும் முறையால் உலகமெங்கும் பலர் வைரத்துக்கு மாறினார்கள். அவர் ஒவ்வொரு முறையும் தோலில்தான் முடிப்பார். பார்த்தவர்களில் பலர் தகடுகளை வாங்கினார்கள், தோலை விட்டுவிட்டார்கள். அந்த முறையின் பாதி அந்தத் தோலில் இருக்கிறது.

பராமரிப்பு சுலபம். தண்ணீரோடு ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் இரும்புத்தூள் அடையாது. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து உலர வையுங்கள், முலாம் விட்ட இடத்தில் அடியிலுள்ள எஃகு துருப்பிடிக்கும். நுண்தகட்டில் அடைந்த கறுப்பைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பர் எடுத்துவிடும். அலுமினியம், பதப்படுத்தாத மெத்திரும்பு இரண்டையும் இதில் தேய்க்காதீர்கள், அப்பிக்கொள்ளும். வைரச் சக்கரத்தை வேகமான கிரைண்டரில் மாட்டி எஃகைச் சாணை பிடிப்பதும் கூடாது. அதிக வெப்பத்தில் இரும்பு வைரத்தின் கார்பனைக் கரைத்துத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். ஆலைகளில் எஃகுக்கு வைரத்துக்குப் பதிலாக கியூபிக் போரான் நைட்ரைடு சக்கரங்களை வைப்பது இதனால்தான். கையால் தீட்டும்போது அந்த வெப்பம் வராது.

யார் எதை வாங்கலாம்

வீட்டில் இரண்டு கத்தியும் ஓர் அரிவாள்மனையும் மட்டும் உள்ளவர் வைரம் வாங்கத் தேவையில்லை. ஒரு பக்கம் கரடும் ஒரு பக்கம் நுண்மையும் உள்ள சிலிக்கான் கார்பைடு கல்லும் ஒரு துண்டுத் தோலும் போதும். எளிமைக்காக வைரம்தான் வேண்டுமென்றால் ஒரே ஒரு தகடு, 25 மைக்ரான் பக்கம். 45 மைக்ரானுக்குக் கரடானதை அடுக்களைக்குள் விடாதீர்கள். வாரா வாரம் அதில் இழுத்த கத்தி சில வருடத்தில் அடிப்பக்கம் குழிந்து, பலகையில் முழுதாகப் படியாமல் நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். கத்தியின் ஆயுள் என்பது அதில் மிச்சமிருக்கும் எஃகுதான்.

தச்சருக்கு இரண்டு தகடு: 45 மைக்ரானில் ஒன்று, 9 மைக்ரானில் ஒன்று, பிறகு தோல். முகத்தில் ஓட்டை போட்ட தேன்கூட்டு வகை இரும்புத்தூளை வாங்கிக்கொள்ளும், ஆனால் குறுகிய உளியின் மூலை அந்த ஓட்டையில் இடறும். 6 மில்லிமீட்டர் உளிக்காரர் ஓட்டையில்லாத முகத்தையே எடுங்கள். காசைக் கூடச் செலவழிக்க வேண்டியது நுண்தகட்டில் அல்ல, கரட்டுத் தகட்டில். அதுதான் அதிகம் உழைக்கும், முதலில் சாகும். ஜப்பானின் அட்டோமா போன்றவற்றில் தேய்ந்த முகத்தை மட்டும் உரித்துவிட்டுப் புது முகம் ஒட்டிக்கொள்ளலாம். தகடு தேயும் என்று விற்கிறவரே ஒப்புக்கொண்ட வடிவமைப்பு அது. அந்த நேர்மைக்காகவே எனக்கு அது பிடிக்கும்.

வனேடியம் எஃகுக் கத்தி, பீங்கான் கத்தி, கார்பைடு கருவி வைத்திருப்பவர்களுக்கு யோசனையே வேண்டாம், வைரம்தான்.

வாங்கியபின் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். தகட்டின் பின்பக்கம் வாங்கிய தேதியை எழுதுங்கள். முதல் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம் என்று அதே கத்தியில் பிசிறு எழ எத்தனை இழுப்பு ஆகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். எண்ணிக்கை மெல்ல ஏறும், அது இயல்பு. அது இரண்டு மடங்கானால் அழுத்தாதீர்கள், முதலில் ரப்பரால் துடைத்துப் பாருங்கள். அப்புறமும் இறங்கவில்லையென்றால் தகடு தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். தகடுகளை மதிப்பிட அந்த எண்ணிக்கையைவிட நம்பகமான மதிப்புரையை நான் இதுவரை படித்ததில்லை.